டாக்டர் கோவித்துக்கொள்வாரோ?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளம்; சுருக்கித் தருகிறேன்.

"டாக்டர் அம்மா, எனக்கு 43 வயது. திருப்பாப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். எட்டு மாதமாக மாதவிலக்கு ஏழெட்டு நாள் நீடிக்கிறது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கடையில் நாற்காலியை விட்டு எழவே பயமாக இருக்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 என்றார்கள். ஸ்கேனில் 3.8 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி, பல்கி யூட்ரஸ் என்று வந்திருக்கிறது. என் இரண்டு பிரசவத்தையும் பார்த்த டாக்டர், 'பிள்ளை பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு, எடுத்துடலாம்' என்று அடுத்த மாதம் தேதி குறித்துவிட்டார். கணவரும் மாமியாரும் சரி என்கிறார்கள். நாத்தனாருக்கு 38 வயதிலேயே எடுத்தாகிவிட்டது, 'ஒண்ணும் ஆகாது அண்ணி' என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பாண்டிச்சேரியில் இன்னொரு டாக்டரிடம் காட்டலாமா? காட்டினால் எங்கள் டாக்டர் கோவித்துக்கொள்வாரா? நாளைக்கு ஒரு அவசரம் என்றால் அவரிடம்தானே ஓட வேண்டும்? ரிப்போர்ட்டை எப்படிக் கேட்டு வாங்குவது?"

அன்புச் சகோதரிக்கு,

தாராளமாகக் காட்டலாம். இதற்கு உங்கள் டாக்டரின் அனுமதியும் வேண்டாம், என் அனுமதியும் வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கூச்சம்தான் உங்களைத் தடுக்கிறது. பிரசவ வலியில் கையைப் பிடித்துக்கொண்டவரிடம் போய் 'உங்க பேச்சு மேல எனக்கு நம்பிக்கை இல்லை' என்று சொல்வதுபோல் இருக்கிறது உங்களுக்கு. அதனால் கோபத்தைப் பற்றியே முதலில் பேசிவிடுவோம்.

கோபம் வருமா? சிலருக்கு வரும். எனக்கே வந்திருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். 39 வயது. உங்களைப் போலவே அதிக உதிரப்போக்கு. மருந்து கொடுத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தவர், கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே, "மேடம், ஸ்கேன் காப்பி ஒண்ணு வேணும். சென்னையில எங்க சித்தப்பா ஒருத்தர் டாக்டர், பார்க்கணும்னார்" என்றார். இந்தச் சித்தப்பாவை எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பாதி நோயாளிகளுக்கு அவர்தான் சித்தப்பா. காப்பியைக் கொடுத்தேன். முகம் கொஞ்சம் சுண்டித்தான் போயிற்று.

நான்கு மாதம் கழித்து அந்த டீச்சர் ஒரு பலாப்பழத்தோடு வந்து நின்றார். பாண்டிச்சேரியில் அவரைப் பார்த்தவர் முதல் வேலையாகத் தைராய்டு டெஸ்ட் எடுத்திருக்கிறார். தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறுகிற டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருந்திருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் மாதவிலக்கு அதிகமாகும் என்பது மருத்துவக் கல்லூரி மாணவிக்கே தெரிந்த பாடம். நான் அந்த டெஸ்டை எழுத விட்டிருந்தேன். தினம் காலையில் ஒரு மாத்திரை. மூன்றாம் மாதமே உதிரப்போக்கு அடங்கிவிட்டது. கர்ப்பப்பை இருந்த இடத்தில் இருந்தது. பழத்தை வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம் யாருக்குப் பெரிய ஆபரேஷன் சொன்னாலும், அவசரம் இல்லாத பட்சத்தில், "இன்னொரு இடத்திலும் காட்டிவிட்டு வாங்க" என்று நானே சொல்லிவிடுகிறேன். நோயாளியின் நன்மைக்காக மட்டும்தான் என்றால் அது பொய். என் தூக்கத்துக்காகவும்தான்.

ஆகவே உங்கள் டாக்டருக்கு முகம் சுண்டினால், அரை நாள் சுண்டட்டும். நாளைக்கு நடுராத்திரி நீங்கள் ஓடினால் கதவைச் சாத்த மாட்டார். நேரில் கேட்டுக் காகிதம் வாங்கிக்கொண்டு போகிறவர் மேல் எங்களுக்கு மிஞ்சிப்போனால் வருத்தம் வரும். சொல்லாமல் காணாமல்போய், ஆறு மாதம் கழித்து நிலைமை முற்றி வந்து நிற்பவர் மேல்தான் நிஜமான கோபம் வரும்.

எப்படிக் கேட்பது? சித்தப்பா வேண்டாம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மேடம், நீங்க சொன்னதை யோசிச்சேன். பெரிய ஆபரேஷன், பயமா இருக்கு. ஒரு தடவை இன்னொரு இடத்துலயும் காட்டிட்டு உங்ககிட்டயே வரேன். ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் காப்பியும், நீங்க பார்த்ததை ஒரு லெட்டராவும் குடுத்தா உதவியா இருக்கும்." கூடவே ஒரே ஒரு கேள்வி: "எத்தனை நாள் பொறுக்கலாம் மேடம்?" இந்தக் கேள்வியை நோயாளிகள் கேட்பதே இல்லை. ஆனால் மிச்சக் கேள்விகளையெல்லாம் நிதானமாகக் கேட்க நேரம் இருக்கிறதா என்று சொல்வது இதன் பதில்தான். தேதியை ரத்து செய்யச் சொல்ல வேண்டாம். மூன்று வாரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், போதும்.

காகிதம் தர மறுத்தால்? பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மருத்துவர்களின் நடத்தைக்கென்று 2002-இல் வந்த விதிமுறை இருக்கிறது. நோயாளியோ அவர் அனுமதித்த ஆளோ மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமைச் சாசனத்திலும் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் வார்த்தையாக எடுத்து வீசாதீர்கள். வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் சட்டம் பேசினால் அவர் உள்ளே போய் மேலாளரைக் கூட்டி வருவார், பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை பத்து நாளாகும். தேதி போட்டு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவே போதும்.

சரி, என்னென்ன காகிதம்? எங்கள் ஊர் நோயாளி மேஜைமேல் மஞ்சப்பையைக் கவிழ்த்தால் என்னென்ன விழும் என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட் வைத்த உறை இருக்கும், உள்ளே ரிப்போர்ட் இருக்காது. நாலாக மடித்த மருந்துச் சீட்டு, மடிப்பில் எழுத்து அழிந்து, ஓரத்தில் மஞ்சள் கறையோடு. மூன்று வருஷத்துக்கு முந்திய மாமியாரின் சர்க்கரை ரிப்போர்ட். ரேஷன் கார்டு ஜெராக்ஸ். இதையெல்லாம் பிரித்து அடுக்கவே நாலு நிமிஷம் ஆகும், அந்த நாலு நிமிஷமும் உங்களுடையது. ஒரு கிளிப் ஃபைல் வாங்கித் தேதி வாரியாகப் போடுங்கள், புதியது மேலே. ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்கேன் படங்களும் வேண்டும். மாத்திரைகளின் பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துப் போங்கள். கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகளை, எத்தனை நாள், கனத்த நாளில் எத்தனை நாப்கின் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் கணக்கு எழுதுகிறவர்; இந்தத் தாளை உங்களைவிட நன்றாக யாரும் எழுத முடியாது. என்னைக் கேட்டால், அந்த ஃபைலிலேயே உருப்படியான தாள் அதுதான்.

இனி உங்கள் ஸ்கேனுக்கு வருகிறேன். உங்களைப் பரிசோதிக்காமல் 'எடுக்க வேண்டும்', 'வேண்டாம்' என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் அது தப்பு. ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டிய வரி எது, வேண்டாத வரி எது என்று சொல்லலாம்.

'பல்கி யூட்ரஸ்' என்பது வியாதியின் பெயர் இல்லை. கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். இரண்டு பிள்ளை பெற்ற வயிற்றில் அது அப்படி இருப்பது சகஜம். 'நபோதியன் சிஸ்ட்' என்று ஒரு வரி இருந்தால் அதையும் தாண்டிப் போங்கள். கர்ப்பப்பை வாயில் சுரப்பி அடைத்துக்கொண்டு வரும் சின்னக் கொப்புளம், ஒன்றும் செய்யாது. அந்தச் 'சிஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்தவர்களை எண்ணினால் கடலூர் டவுன் பஸ் ஒன்று நிறையும்.

ஃபைப்ராய்டில்தான் விஷயம் இருக்கிறது. 3.8 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். அளவு இருக்கிறது, இடம் இல்லை. உதிரப்போக்கு விஷயத்தில் அளவைவிட இடம்தான் முக்கியம். கர்ப்பப்பையை ஒரு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டி அறைக்குள்ளே துருத்திக்கொண்டு இருந்தால் அது சப்மியூக்கோசல். சுவருக்குள்ளேயே இருந்தால் இன்ட்ராமியூரல். வெளிச்சுவரில் ஒட்டியிருந்தால் சப்சீரோசல். உள்ளே துருத்தியிருக்கும் கட்டி ஒன்றரை செ.மீ. இருந்தாலும் போட்டு எடுத்துவிடும். வெளிப்பக்கம் இருப்பது ஆறு செ.மீ. இருந்தாலும் உதிரப்போக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த மூன்றில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால், இரண்டாவது டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிட்டது: இவ்வளவு ரத்தம் போவதற்கு இந்தக் கட்டிதான் காரணமா, இல்லை கட்டி சும்மா இருக்க வேறு ஏதாவது காரணமா?

வேறு காரணம் என்றால் தைராய்டு, நான் கோட்டை விட்டது. அப்புறம் கர்ப்பப்பையின் உட்சவ்வு. 40 வயதைத் தாண்டி, மாதக்கணக்கில் உதிரப்போக்கு என்றால் உட்சவ்விலிருந்து துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். கர்ப்பப்பையை எடுக்கத்தானே போகிறோம், எடுத்த பிறகு மொத்தமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. உள்ளே வேண்டாதது ஏதாவது இருந்தால் ஆபரேஷனே வேறு மாதிரி செய்ய வேண்டியிருக்கும், அதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் டெஸ்டும் அப்படித்தான். உங்கள் கடிதத்தில் இந்த மூன்று டெஸ்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. எடுத்திருந்து நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். ஃபைலைப் பாருங்கள்.

பயாப்ஸி ஏற்கெனவே எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு நிற்காதீர்கள். சதையை மெழுகுக்குள் வைத்து ஒரு சின்னக் கட்டியாக லேபில் பத்திரப்படுத்துவார்கள், அதற்குப் பிளாக் என்று பெயர். அதிலிருந்து சீவியதுதான் கண்ணாடி ஸ்லைடு. இரண்டையும் கேட்டால், கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். புற்றுநோய் சந்தேகம் உள்ளவர்களுக்கு சதையைப் பரிசோதிக்கும் டாக்டரான வேறொரு பேத்தாலஜிஸ்ட் அதே ஸ்லைடைத் திரும்பப் பார்ப்பதைவிடப் பெரிய இரண்டாவது கருத்து எதுவும் இல்லை, உடம்பில் மறுபடி ஊசி குத்த வேண்டியதும் இல்லை. ஒன்று மட்டும்: பிளாக்கை வண்டி டிக்கியில் போட்டுவிட்டு மே மாத வெயிலில் வண்டியை நிறுத்தாதீர்கள். அது மெழுகு.

எங்கே போவது? ஆபரேஷன் செய்தால் தனக்கு லாபமும் இல்லை, செய்யாவிட்டால் நஷ்டமும் இல்லை என்கிற இடத்துக்குப் போங்கள். அதனால்தான் நான் அரசு போதனா மருத்துவமனைகளைச் சொல்வேன். உங்களுக்குப் பக்கம் என்றால் பாண்டிச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர். சிதம்பரம் வழி வசதி என்றால் அண்ணாமலை நகரில் இப்போது அரசுக் கல்லூரியாக இருக்கும் கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையிலும் மகப்பேறு டாக்டர்கள் இருக்கிறார்கள். தனியாரிடம் போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் முதல் டாக்டரின் உதவியாளர் 'அங்க போங்க, நம்ம ஆளுதான்' என்று சொன்ன இடத்துக்கு மட்டும் வேண்டாம்.

ஜிப்மர் என்றால் விடியற்காலையிலேயே கிளம்பத் தயாராக இருங்கள். சீட்டுப் போடும் வரிசை நீளம். முதலில் ஒரு முதுநிலை மாணவி உங்கள் கதையைக் கேட்டு எழுதுவார். பிறகு உதவிப் பேராசிரியர் அதே கேள்விகளைக் கேட்பார். அதற்கும் பிறகு பெரிய டாக்டர். மூன்று தடவை ஒரே கதையா என்று சலிக்காதீர்கள். இதுதான் அங்கே உள்ள சௌகரியமே; ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார். உங்களைப் பார்த்த யூனிட் எது, அவர்களுக்கு எந்தக் கிழமை என்று குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை வேறு டாக்டர்களிடம் கதை மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று, அது மத்திய அரசு நிறுவனம். நம் ஊர்க் காலண்டரைப் பார்த்து விடுமுறை இல்லை என்று போய், மத்திய அரசு விடுமுறையில் வெளிநோயாளிப் பிரிவு பூட்டியிருக்க, கோரிமேட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறைய.

உள்ளே போனதும் 'கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிட்டாங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் கேட்கிற டாக்டரின் புத்தி அந்த முடிவிலேயே போய் நின்றுவிடும், அதைச் சரி பார்ப்பது மட்டும்தான் தன் வேலை என்று ஆகிவிடும். முதலில் உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள், தேதித் தாளைக் கொடுங்கள், பரிசோதிக்க விடுங்கள். அப்புறம் ஃபைலைக் கொடுங்கள், முதல் டாக்டர் சொன்னதையும் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். மறைத்தால் எடுத்த டெஸ்டையே திரும்ப எடுப்பார்கள், காசு உங்களுடையது. ரத்த அளவை மறுபடி பார்ப்பதும், பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன் எடுக்காதிருந்தால் அதை எடுக்கச் சொல்வதும் நியாயம். மற்றதற்கெல்லாம், 'இது எதுக்கு சார், போன மாசம் எடுத்தது போதாதா?' என்று கேட்கலாம். முதல் டாக்டரைக் குறை சொல்லிப் பேசாதீர்கள். எதிரில் இருப்பவர் தானும் நாளைக்கு இப்படிப் பேசப்படுவோம் என்று நினைத்துக்கொள்வார், வாய் அடங்கிவிடும்.

கர்ப்பப்பையை எடுக்காமல் என்ன வழி இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். உதிரம் போகும் நாட்களில் மட்டும் போடுகிற ட்ரானெக்சாமிக் அமில மாத்திரை இருக்கிறது. ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்ட சரித்திரம் உள்ளவர்களுக்கு ஆகாது. ஹார்மோன் காப்பர்-டி என்று நம் ஊரில் சொல்லப்படும் சாதனம் இருக்கிறது, பெயரில்தான் காப்பர், உள்ளே காப்பர் கிடையாது. கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டால் துளித்துளியாக ஹார்மோனை விட்டுக்கொண்டிருக்கும். முதல் மூன்று நான்கு மாதம் திட்டுத்திட்டாகப் பட்டுப் பாடாய்ப் படுத்தும். அதைப் பொறுத்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்கு உதிரப்போக்கு வெகுவாகக் குறைந்துவிடும், ஐந்து வருஷமாவது வேலை செய்யும். கட்டி அறைக்குள் துருத்தியிருந்தால் அது நிற்காமல் வெளியே வந்துவிடலாம். அப்படித் துருத்தியிருக்கும் கட்டியை வயிற்றைக் கிழிக்காமல் உள்வழியாகவே சீவி எடுக்க முடியும். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். நின்ற பிறகு ஃபைப்ராய்டு தானாகச் சுருங்க ஆரம்பிக்கும். உங்களுக்கு 43. மூன்று நான்கு வருஷத்தை மருந்திலோ சாதனத்திலோ கடத்த முடியுமா என்பதுதான் உங்கள் விஷயத்தில் நிஜமான கேள்வி. கடத்தலாம் என்று ஒருவர் சொல்லலாம், எதற்கு இழுத்தடிக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்லலாம்.

அப்படி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். எதில் வேறுபடுகிறார்கள் என்று பாருங்கள். 'கட்டி உள்ளே இருக்கிறது' என்று ஒருவரும் 'சுவரில் இருக்கிறது' என்று ஒருவரும் சொன்னால் அது உண்மையைப் பற்றிய வேறுபாடு. அதற்கு இன்னொரு நல்ல ஸ்கேன் வேண்டும். இரண்டு பேரும் உடம்பைப் பற்றி ஒன்றையே சொல்லி, 'ஒரே தடவையில முடிச்சுடலாம்' என்று ஒருவரும் 'பொறுத்துப் பார்க்கலாம்' என்று ஒருவரும் சொன்னால், அதற்கு மூன்றாவது டாக்டர் தேவையில்லை. அது உங்கள் விருப்பம். கடையில் இனி ஒரு மாதம்கூட அந்த நாற்காலி அவஸ்தை முடியாது என்றால் ஆபரேஷன் சரியான முடிவாகவே இருக்கலாம். உங்கள் டாக்டர் தப்பாகச் சொன்னார் என்று நான் எங்கும் சொல்லவில்லை. 'இனிமே அது எதுக்கு' என்று அவர் சொன்ன காரணம் மட்டும்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை பெற்றாகிவிட்டது என்பது ஒரு உறுப்பை எடுக்கக் காரணம் ஆகாது. வட மாநிலங்கள் சிலவற்றில் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது வழக்காகி, உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை மூன்று மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லி 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆபரேஷன்தான் என்று முடிவானால் ஒரு கேள்வி தனியாக: "சினைப்பையையும் எடுப்பீங்களா?" 'அதையும் சேர்த்து எடுத்துடலாம், பின்னாடி தொல்லை இல்லை' என்று ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாக இருக்கிறது. சினைப்பை உங்கள் வயதில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டையும் எடுத்தால் மறுநாளே மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும். எலும்பு தேய்வதும் இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். உங்கள் நாத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள், 38 வயதில் எது எதை எடுத்தார்கள் என்று அவருக்கே தெரிகிறதா என்று. என்னிடம் வருகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தழும்பைக் காட்டுவார்கள், காகிதம் இருக்காது.

சம்மதப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கையெழுத்து, கணவருடையது இல்லை, மாமியாருடையது இல்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 44 வயதுப் பெண், வயிற்றில் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்க்கத்தான் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது வெளியில் நின்ற அம்மாவிடம் ஒப்புதல் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக அம்மா சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

பாண்டிச்சேரிக்குக் கணவரையும் கூட்டிப் போங்கள். சண்டை போட்டு அழைத்துப் போகச் சொல்லவில்லை. ஃபைலைத் தூக்கவும், டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். 'டாக்டர் சொன்னா சரி' என்கிற ஆண்கள் பலரும் எதிரில் உட்கார்ந்து தாங்களே ஒரு கேள்வி கேட்ட பிறகு மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாமியாரைச் சமாதானப்படுத்துகிற வேலையையும் பிறகு அவரே பார்த்துக்கொள்வார்.

இவ்வளவும் சொன்னதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா ஒன்றரை வருஷம் ஐந்து டாக்டரைப் பார்த்தார். கட்டி தேங்காய் அளவு. ஐந்து பேரும் ஒன்றையே சொன்னார்கள். ஆறாவதாக என்னிடம் வந்தபோது ரத்தம் 5-க்குப் பக்கத்தில் இருந்தது, நகக்கண் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷனுக்கே எடுத்துப் போக முடிந்தது. அவர் தேடியது இரண்டாவது கருத்து இல்லை, தனக்குப் பிடித்த பதில். உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி நெஞ்சு படபடத்தாலோ ஃபைலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அன்றைக்கு முதல் கருத்தே போதும்.

இந்த மூன்று வாரத்தில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பெண்களுக்கு ரத்தம் 12-க்கு மேல் இருக்க வேண்டும், உங்களுக்கு 8.4. ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதை ஏற்றியாக வேண்டும். இந்த அளவில் அவசரமில்லாத ஆபரேஷனுக்கு மயக்க டாக்டரே யோசிப்பார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே ஆரம்பியுங்கள், கொடுக்காவிட்டால் காகிதம் கேட்கப் போகிற அன்றே இதையும் கேளுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ட்ரிப்ஸில் ஏற்றுகிற இரும்பு மருந்து இருக்கிறது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரையை டீயோடு மட்டும் போடாதீர்கள், டீ இரும்பைச் சேர விடாது. கடையில் பதினோரு மணி டீ வருமே, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள்.